பூனைக்குப் போன பெயர்

அன்பு மகன் ஆபிசாய்க்கு,

நாங்கள் நலம், நீயும் உன் மனைவி கிளேரும் ஆஸ்திரேலியாவில் நலமா என்று உன் தங்கை தோரிகா முதல் வரியை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அடித்துவிடு என்றேன். அடிக்க மனமில்லாமல் வேறு தாள் எடுத்திருக்கிறாள். ஆகவே உன் அம்மா நான் இப்படித் தொடங்குகிறேன். கர்த்தருடைய கிருபையால் இந்த வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நலமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. கிளிஞ்சல் பொறுக்கப் போன இடத்தில் பவளப்பாறை என் வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது, துணி சுற்றி வைத்திருக்கிறேன், அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகவே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்று உனக்குத் தெரியும், நான்கு பேர் கூடினால் வாய் திறக்கமாட்டாள், ஆனால் எழுத்து மட்டும் கோத்த பாசிமணி போல இருக்கும். நான் சொன்னதில் இரண்டு வார்த்தைகளை மட்டும் எழுதமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். அந்த இடத்தை நீயே நிரப்பிக்கொள், உனக்குத் தெரியாத வார்த்தைகள் இல்லை.

அப்பா ஏன் தொலைபேசிக்கு வருவதில்லை, ஒரு பூனைக்குப் பெயர் வைத்ததற்கு இத்தனை கோபமா என்று உன் பெரியப்பா மகன் செவுலோனியிடம் கேட்டிருக்கிறாய். கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது? இங்கே என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி. செவுலோனி வழக்கம்போல சிக்னல் பிடிக்க மலைமேல் ஏறியிருந்தான். நீ அனுப்பிய செய்தி வந்தது, படம் மட்டும் வரவில்லை, சுற்றிக்கொண்டே நின்றதாம். அவன் படத்துக்குக் காத்திராமல் செய்தியை வாசித்துவிட்டு மலையிலிருந்து கத்திக்கொண்டே இறங்கினான். நீ என்ன எழுதியிருந்தாய் என்று நினைவிருக்கிறதா? "விலிகேசா வீட்டுக்கு வந்தாச்சு. நல்ல பெரிய உடம்பு. கருப்பும் வெள்ளையும். நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம். கிளேர் மடியை விட்டு இறங்குறதே இல்லை." இவ்வளவுதான். நம் தீவுப் பேச்சில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே சொல், வந்தது மனிதனா மிருகமா என்று அதில் எங்கே தெரியும்? விலிகேசா என்பது உன் அப்பாவின் பெயர். மூத்தவனுடைய முதல் மகனுக்குத் தாத்தா பெயர் என்பது நாம் யாரும் உட்கார்ந்து முடிவுசெய்தது இல்லை, கடலில் உப்பு இருப்பது போல இருக்கிறது. உன் சித்தப்பா தன் பேரனுக்கு அந்தப் பெயரைக் கேட்டு, கலக்கிக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டை முறைப்படி முன்னால் வைத்து உட்கார்ந்தபோது, "அது ஆபிசாய் மகனுக்கு வச்சிருக்கு தம்பி, மன்னிச்சுக்க" என்று வேரைத் திருப்பிக் கொடுத்தவர் உன் அப்பா. அப்படிப் பொத்தி வைத்த பெயர் வீட்டுக்கு வந்தாச்சு என்றால் இந்த ஊர் என்ன நினைக்கும்?

கருப்பும் வெள்ளையும் என்றதும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, அதுதான் கொடுமை. நீ கருப்பு, அவள் வெள்ளை, பிள்ளை வேறு எப்படி இருக்கும்! உன் அத்தை வரனிசி, "எந்தப் பக்கம்டி கருப்பு, எந்தப் பக்கம் வெள்ளை?" என்று கேட்டாள். "அப்பன் பக்கம் கருப்பு, ஆத்தா பக்கம் வெள்ளை, நடுவுல கோடு போட்டு இறக்கியிருப்பான் உன் மருமகன்" என்று இன்னொருத்தி சொல்ல, பெண்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாசமாக இருந்ததை ஏன் சொல்லவில்லை என்று எனக்கு ஒரு நெருடல் இருந்தது, வெள்ளைக்காரர்கள் முன்கூட்டிச் சொன்னால் கண் படும் என்று நினைப்பார்களோ என்னவோ என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறந்த பிள்ளை மடியை விட்டு இறங்கவில்லை என்பதை ஒருவன் ஏன் மெனக்கெட்டு எழுதவேண்டும் என்று ஊரில் ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை. அன்றைக்கே பன்றி அடித்தார்கள், மண் அடுப்பு தோண்டினார்கள், பெண்கள் வரிசையாகப் பாய்களைச் சுமந்துவந்து நம் வீட்டு நடுவில் விரித்தார்கள். தோரிகா தன் பெட்டியிலிருந்து ஒரு பாயை எடுத்துவந்து எல்லாவற்றுக்கும் மேலே போட்டாள். மெல்லிய தாழை ஓலையில் பின்னியது, நான்கு ஓரத்திலும் சிவப்பும் பச்சையுமாகக் கம்பளிநூல் குஞ்சம், ஒரு பிள்ளை படுக்கிற அளவு. இதை எப்போது பின்னினாய் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே குஞ்சத்தை நீவிவிட்டாள். உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று நன்றி சொன்னார். பேசத் தெரியாத மனிதர், "என் பேர் திரும்பவும் பால் குடிக்குது" என்று ஒரே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். போதகர் உன் பூனைக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தார், ஆபிசாய். அது ஞானத்திலும் வளர்த்தியிலும் பெருகவேண்டும் என்று. சபை முழுதும் ஆமென் சொன்னது.

திங்கட்கிழமை படம் வந்து சேர்ந்தது. செவுலோனி இந்தமுறை கத்தாமல் இறங்கினான். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், யாரிடமும் சொல்லமாட்டாள் என்று தோரிகா கையில் போனைக் கொடுத்துவிட்டு நழுவிவிட்டான். அவள் பார்த்தாள், போனைக் கவிழ்த்துப் பாயின்மேல் வைத்தாள், கிணற்றடிக்குப் போய்விட்டாள். நான் எடுத்துப் பார்த்தேன். தலையணை அளவு ஒரு பூனை, முதுகெல்லாம் அடுப்புக்கரி, வயிறும் கால்களும் தேங்காய்ப்பால், மூக்கின்மேல் மை சிந்தினாற்போல ஒரு பொட்டு. அதை மடியில் போட்டுக்கொண்டு உன் மனைவி சிரிக்கிறாள். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது அவளுக்கு? அவளுக்குத் தெரியாது, வேறு ஊர்க்காரி, அவர்கள் நாய்க்கும் பூனைக்கும் மனிதர் பெயர் வைப்பார்கள் என்று செவுலோனி சொல்கிறான். உனக்குத் தெரியாதா? நீ இந்த ஊரில் பிறக்கவில்லையா? உன் வாயில் யாராவது கல்லை அடைத்திருந்தார்களா, "வேண்டாம், இது என் அப்பா பேர்" என்று சொல்ல முடியாமல்?

அதற்குப் பிறகு இங்கே உன் அப்பா பட்டதைச் சொல்கிறேன். மற்றவர்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள், மரியாதைக்காரர்கள். ஆனால் அவருடைய மச்சான் ஒரிசி இருக்கிறானே, அவன் வாயைக் கட்ட ஆண்டவர் கயிறு திரிக்கவில்லை. மச்சான் முறைக்காரன் என்ன கேலி செய்தாலும் கோபப்படக் கூடாது என்பதுதான் நமக்கு விதித்தது, அதனால் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "மச்சான், மீன் தலை எடுத்து வச்சிருக்கேன், வந்து நக்கிட்டுப் போ" என்று கடற்கரையிலிருந்து கத்துவான். யங்கோனா கலக்குகிற இடத்தில் அப்பாவின் முறை வந்ததும், "அவருக்குச் சிரட்டையில வேணாம்டா, தட்டுல ஊத்தித் தரையில வைங்க" என்றான். படகில் ஏறப் போனால், "மச்சானுக்குத் தண்ணின்னா பயம், தூக்கி வைங்கப்பா" என்றான். சின்னப் பிள்ளைகள் நம் வேலிக்கு வெளியே நின்று மியாவ் என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். உன் அப்பா ஒருநாள் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார், அன்றிலிருந்து அவர் தன் பெயருக்குப் பதில் கொடுப்பதில்லை. ஊர்க்கூட்டத்தில் தலைவர் விலிகேசா என்று கூப்பிட்டார், இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோற்றுக்குக் கூப்பிட்டேன், "அந்தப் பேர்க்காரன் ஆஸ்திரேலியாவுல நல்லா சாப்பிடுறானாம், அவனைக் கூப்பிடு" என்றார். கோயிலில் காணிக்கைக்குக் குடும்பப் பெயர் வாசித்தபோது எழுந்திருக்கவில்லை, நான் எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். கட்டின மனிதரை எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வீட்டில் கைதட்டிக் கூப்பிடுகிறேன், கோழியைக் கூப்பிடுகிற மாதிரி. விரித்த பாய்களைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அதுவும் ஆகாது, ஒரு பெயருக்கு விரித்ததைச் சுருட்டிக்கொண்டு போக யார் வருவார்கள்? மூலையில் மனித உயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன, பெருக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

ஆகவே நான் சொல்வது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்தப் பூனைக்கு வேறு பெயர் வை. பெயருக்கா பஞ்சம், ஊர் முழுவதும் உன் பூனைக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறது. கருப்பு அங்கியும் வெள்ளைச் சட்டையுமாக இருக்கிறதே, போதகர் என்று வைக்கச் சொல் என்றாள் வரனிசி, போதகரின் மனைவி பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல். கரிச்சட்டி என்று வை. நம் தீவுக்கு வருகிற பழைய கப்பலும் மேலே கருப்பு கீழே வெள்ளைதான், அதன் பெயரை வை, அதுவும் இதைப்போல நினைத்த நேரத்துக்குத்தான் வரும். ஒன்றும் தோன்றவில்லை என்றால் பூனை என்றே கூப்பிடு, அதற்கு என்ன குறைந்துவிடும். உன் அப்பாவின் பெயரை மட்டும் திருப்பி அனுப்பு. திருப்பி அனுப்பாவிட்டால் நீ

இந்த இடத்தில் உன் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நடந்ததை இப்போது சொல்லி எழுதச் சொல்கிறேன். ஏன் நிறுத்தினாய், கை வலிக்கிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். "அப்புறம் என்னடி, எழுது" என்றேன். தாளைப் பார்த்துக்கொண்டே, "அவங்களுக்குப் பிள்ளை இருந்துச்சும்மா" என்றாள். யாருக்கு என்று கேட்டேன். "அண்ணிக்கு. அஞ்சு மாசம். பையன்னு சொன்னாங்களாம். போயிருச்சு." எனக்கு முதலில் விளங்கவில்லை. தோரிகா ஒருமுறை செவுலோனியின் போனோடு மலைமேல் இருந்தபோது கிளேர் கூப்பிட்டிருக்கிறாள், அந்தப் படத்தால் இங்கே வந்த தலைகுனிவுக்கு மன்னிப்புக் கேட்க. இவள் பேசாதவள், அதனால் கிளேர் பேசிக்கொண்டே இருந்தாளாம். நீங்கள் இரண்டு பேரும் தினமும் சாயங்காலம் அந்த வயிற்றைப் பார்த்து விலிகேசா என்று கூப்பிடுவீர்களாம். மருத்துவமனையிலிருந்து வெறும் கையோடு வந்த மறுநாள் அந்தப் பூனை பின்கதவு வழியாக, யாருடையதோ, தன் வீடு மாதிரி உள்ளே வந்ததாம். உன் வாயிலிருந்து அந்தப் பெயர் தானாக வந்ததாம். அது திரும்பிப் பார்த்ததாம். படுக்கையை விட்டு எழாமல் கிடந்தவள் அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தாளாம்.

"இதை ஏன்டி இத்தனை நாள் சொல்லலை, யாரு சொல்லக் கூடாதுன்னது உன்னை?" என்று கத்தினேன். "யாரும் கேக்கலையேம்மா, எல்லாரும் பூனையைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தீங்க" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு, மேலே அண்ணி சிரிக்கிறாள் என்று சொன்னீர்களே, அந்த வரியை அடித்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நான் சொன்னதை நீ படி. உன் மனைவியைப் பற்றி உன் அம்மா என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள், சொல்ல வைத்தவன் நீ. முன்பு எனக்கு இருந்தது கோபமே இல்லை, மகனே, இப்போது இருப்பதுதான் கோபம். நீ ஏன் சொல்லவில்லை? ஒருத்தி வயிற்றிலிருந்து பிள்ளை போனால் இந்த ஊரில் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியாதா? பெண்கள் எல்லாம் பாயோடு வந்து சுற்றி உட்காருவோம், அவளை அடுப்புப் பக்கம் விடமாட்டோம், அவள் அழுதால் கூட அழுவோம், அழாவிட்டால் அழவைப்போம். உன் மனைவிக்கு ஒரு பூனைதான் வந்து உட்கார்ந்தது. நாங்கள் செத்தா போனோம்? நீ மறுநாளே இறைச்சிக்கூடத்துக்கு வேலைக்குப் போய் நாள் முழுக்கக் கத்தி பிடித்து நின்றிருப்பாய், எனக்குத் தெரியும், உன் அப்பாவின் பிள்ளைதானே. தொலைவில் இருக்கிறார்கள், கவலைப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பாய். கவலைப்படுவதற்குத்தான் பெற்றேன். நான் பன்றியும் சேம்பும் தின்று சிரித்த அந்த நாளில் நீங்கள் இருவரும் அங்கே எப்படி இருந்தீர்கள் என்று நினைக்க நினைக்க எனக்கு உன்னை அறையவேண்டும் போல இருக்கிறது, கை எட்டவில்லை.

அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். படகைக் கவிழ்த்துப் போட்டு அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கைதட்டிக் கூப்பிட்டு, சொல்லி முடித்தேன். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. ஏற்கெனவே சுத்தமான இடத்தையே திரும்பத் திரும்பச் சுரண்டினார். பிறகு, "பிள்ளைக்குப் பேர் வச்சுட்டாங்களா?" என்றார். வயிற்றில் இருக்கும்போதே கூப்பிட்டார்களாம் என்றேன். "அப்ப அது அவன் பேரு. அவன்கிட்டயே இருக்கட்டும். அவனுக்கும் பூனைக்கும் ஒரே பேரு கிடையாது, பூனைக்கு வேற வைக்கச் சொல்லு" என்றார். என்ன பெயர் வைப்பது என்று கேட்டேன். கடற்கரையில் ஒரிசி வலையை உதறிக்கொண்டு எவனையோ கிண்டல் செய்துகொண்டிருந்தான். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரிசின்னு வைக்கச் சொல்லு. நல்லாத் தின்னும், எந்த வேலையும் செய்யாது, கூப்பிடாத வீட்டுக்குள்ள வந்து உக்காரும். பொருத்தமா இருக்கும்" என்றார். மச்சானை மச்சான் சொல்வதற்குத் தடை ஏது, அந்த முறை இரண்டு பக்கமும் வெட்டும். ஒரிசியிடம் யார் போய்ச் சொன்னார்களோ, சாயங்காலம் வேட்டைக்குப் போகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். "பாஸ்போர்ட் இல்லாம எம்பேரு ஆஸ்திரேலியா போகுதுடா! டப்பா மீன் போடக் கூடாது, புதுமீனாப் போடச் சொல்லுங்க, என் மானம் அதுல இருக்கு" என்றான். அவன் சொல்லாதது, பெரிய யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைக் கையில் கொண்டுவந்திருந்தான், அதை அப்பாவின் முன்னால் வைத்துத் தலை குனிந்து கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தான். கேலி செய்ததற்கு என்று அவனும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

செவுலோனி பழம் பறிக்கிற வேலைக்கு அங்கே வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே தோரிகாவின் பாய் வருகிறது, வெயிலில் நன்றாகக் காயவைத்திருக்கிறோம், விமான நிலையத்தில் பிரித்துப் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். அது விலிகேசாவுக்கு விரித்த பாய், அவன் அம்மா இருக்கிற இடத்தில்தான் இருக்கவேண்டும். கிளேர் அதைக் கட்டிக்கொண்டு தூங்கட்டும். ஒரிசி அதில் ஏறிப் படுத்தால் விரட்டாதே, குஞ்சத்தை மட்டும் பிய்க்காமல் பார்த்துக்கொள். மற்ற பாய்கள் இங்கே இருக்கின்றன. வேலையில் விடுப்புக் கேட்டு அவளை இங்கே கூட்டிக்கொண்டு வா. பெண்கள் இன்னும் வந்து உட்காரவில்லை, அவள் வந்தால்தான் உட்கார முடியும். அவள் இன்னும் பலவீனமாக இருப்பாள், ஈரத்தலையோடு வெளியே விடாதே, நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு போ, பியர் குடிப்பதைக் குறை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ. இனி எது நடந்தாலும் நல்லதோ கெட்டதோ முதலில் எனக்குச் சொல், படம் பிறகு அனுப்பலாம். என் கோபம் இன்னும் தீரவில்லை, நீ நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டியது கொஞ்சம் பாக்கி இருக்கிறது. உன்னையும் அவளையும் ஆண்டவர் தம் கையில் பொத்தி வைத்திருக்கட்டும், என் கண் முன்னால் கொண்டுவந்து விடட்டும்.

உன் அம்மா,
தித்திலியா

கையெழுத்துப் போடுகிறீர்களா என்று தோரிகா அப்பாவிடம் கேட்டாள். அவள் கேட்டதால்தான் போடுகிறார். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார், கீழே இருப்பது அவர் கையால் எழுதியது.

விலிகேசாவின் தாத்தா